சிவப்புத் துணியில் ஒரு பிடி புகையிலை

அக்கா,

இன்று காலை முதற்குளிர். அலுமாரியின் அடியிலிருந்து கனத்த ஜக்கெற்றை இழுத்தெடுத்துப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன். மோர்னிங்சைட் சந்தியில் நின்று கையுறை தேடி ஜக்கெற் பைக்குள் விரலை விட்டபோது துணி முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுக்கவில்லை. எடுக்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனேன். காய்ந்த புகையிலை மணம். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். சிகரெட் பிடிக்கிறவள் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் வழக்கமில்லை. திவசத்துக்குச் சமைப்போம், படைப்போம், ஐயரைக் கூப்பிடுவோம், அத்தோடு சரி. உங்களுக்கு அதையெல்லாம் செய்ய நான் யார்? அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது உங்கள் குரல் எனக்கு எங்கள் பேச்சாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். பிழையென்றால் வந்து சண்டை பிடியுங்கள்.

முதல்நாள் சண்டை பிடிக்க வந்தவள் நான்தான். பல்கலைக்கழகத்தில் என் வேலை கட்டடங்களைப் பார்ப்பது. எங்கே தண்ணீர் ஒழுகுகிறது, எங்கே ஹீற்றர் வேலை செய்யவில்லை, எங்கே அலாரம் அடிக்கிறது, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அன்றைக்குப் பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் புகை என்று திரையில் சிவப்பு எரிந்தது. எல்லா மாடிச் சனமும் படியால் இறங்கி மழைக்குள் நின்றது. தீயணைப்பு வண்டி வந்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனது. பேச்சு முழுவதும் எனக்கு. வாங்கிய பேச்சை யாருக்காவது திருப்பிக் கொடுக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நேரே உங்கள் அறைக்கு இறங்கி வந்தேன்.

மேசையில் சிப்பி ஓடு ஒன்று. அதில் சேஜ் என்கிற வாசனை இலை, பாதி கருகியபடி. சுற்றி இருந்த பிள்ளைகள் களவெடுத்துப் பிடிபட்டவர்களைப் போல நிலத்தைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"சாம்பிராணி போடுறதெண்டால் முதலே ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போடவேணும்," என்று கத்தினேன். கோபத்தில் ஆங்கிலத்துக்கு நடுவே சாம்பிராணி அப்படியே வந்துவிட்டது.

"சாம்பிராணி எண்டால் என்ன?" என்று கேட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடத் தணலில் போட்டு வீடு முழுக்கக் கொண்டுதிரிவோம், முழுகின பிள்ளையின் தலைக்குப் பிடிப்போம் என்று சொல்லச் சொல்ல என் குரல் தானாகத் தணிந்தது. நீங்கள் கதிரையொன்றை இழுத்துப் போட்டீர்கள்.

"அப்ப உமக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரும், தேத்தண்ணி குடியும்."

அது பூர்வகுடி மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் கொடுத்த அறை. ஜன்னல் இல்லை. குழாய்கள் தலைக்கு மேலே ஓடும். ஒரு சோபா, ஒரு சூப் பானை, சுவரோரம் ஒரு மேளம். அந்த அறைக்கு நீங்கள்தான் பொறுப்பு. பிள்ளைகள் உங்களை 'அன்ரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்காபரோவில் தமிழ்ப் பிள்ளைகள் கூப்பிடுகிற அதே அன்ரி. நான் உங்களுக்கு இளையவள் என்பதால் அக்கா என்றேன். அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தங்கைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குத் தங்கச்சி.

ஏற்பாடு அன்றே முடிவாயிற்று. புதன்கிழமை காலையில் நீங்கள் ஃபோன் பண்ணுவீர்கள். "தங்கச்சி, பத்து மணிக்குப் புகைக்கப் போறம்." நான் உங்கள் அறையில் புகை உணர்கிற கருவியை மட்டும் நிறுத்தி வைப்பேன். முடிந்ததும் திரும்ப ஃபோன் வரும், போட்டுவிடுவேன்.

அடுத்த கிழமை என் மேசைக்கே வந்து ஒரு சிவப்புத் துணி முடிச்சை நீட்டினீர்கள். உள்ளே ஒரு பிடி புகையிலை. இரண்டு கையாலும் வாங்கி, பெரிய நன்றியெல்லாம் சொன்னேன். வீட்டுக்குப் போனால் நித்திரை வரவில்லை. ஒருவர் ஒன்று தந்தால் நாங்கள் ஒன்று கொடுக்க வேண்டும், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள். மறுநாள் ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

"உது பரிசில்லை, தங்கச்சி. நான் உம்மட்ட ஒண்டு கேட்டு வந்தனான். எங்கட ஆக்கள் ஒண்டு கேக்கிறதெண்டால் புகையிலை குடுத்துத்தான் கேப்பினம். நீர் வாங்கினபடியால் ஓம் எண்டு சொல்லிப்போட்டீர். இனி எங்கட புகைக்கு நீர்தான் பொறுப்பு. ரோல்ஸ் தந்து தப்பேலாது."

"பிறகு செய்யேலாமல் போனால்?"

"செய்யேலாதெண்டால் வாங்கக் கூடாது. வாங்கின பிறகு ஏலாமல் போனால், தந்த ஆளின்ர கையிலயே திருப்பிக் குடுக்கவேணும். வேற ஒருத்தரிட்டையும் குடுக்கேலாது."

ரோல்ஸை மட்டும் ஒன்றும் விடாமல் சாப்பிட்டீர்கள், நீங்களும் பிள்ளைகளும்.

நானும் புகையிலையும் ஒன்றுக்கொன்று புதிதில்லை. அப்பா புகையிலை நட்டு விற்றுத்தான் எங்களைப் படிப்பித்தார். எனக்கு அது காசுப் பயிர், இலையெடுத்துக் கை பிசுபிசுத்த வேலை. உங்களுக்கு அது கும்பிடுகிற பொருள். அந்தத் தோட்டம் இப்போது ஆமி முகாமின் வேலிக்குள் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அப்போதுதான் இருவரும் ஏதோ கூட்டத்திலிருந்து வெளியே வந்திருந்தோம். எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும், இந்த நிலம் பூர்வகுடி மக்களின் நிலம் என்று எழுந்து நின்று வாசிப்பார்கள். வாசித்துவிட்டு உட்கார்ந்து, வாகனத் தரிப்பிடத்தைப் பற்றிக் கதைப்பார்கள்.

"உங்கட தோட்டத்தில இருக்கிற ஆமிக்காரர் உப்பிடி எழும்பி நிண்டு வாசிக்கிறேல்லையோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை."

"அப்ப கேட்டு வாங்கும். திருப்பித் தராட்டிலும் வாசிச்சுக் காட்டுவினம். கேக்க வடிவாயிருக்கும்."

நடைக்கூடத்தில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் மனேஜர் கதவைத் திறந்து பார்த்தார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு நல்ல சங்கதியும் இருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகம் உங்களை எல்லாவற்றுக்கும் கூப்பிட்டது. பட்டமளிப்பு என்றால் நீங்கள் வந்து ஆசி சொல்ல வேண்டும். கட்டடத்துக்குக் கல் நாட்டுவதென்றால் நீங்கள் வேண்டும். "சுருக்கமாச் சொல்லச் சொல்லி ஈமெயில் போட்டிருக்கினம், தங்கச்சி. பிதிர்களை அவசரப்படுத்திறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியேல்லை," என்பீர்கள். ஆனால் பிள்ளைக்கு வாடகை இல்லை, பிள்ளையின் மாமா செத்துப்போனார், விமானத்தில் போக வழியில்லை என்று நீங்கள் எழுதியவற்றுக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். பதில் வருவதற்குள் பிள்ளை படிப்பை விட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு நத்தார் விடுமுறைக்குப் பிறகும் உங்கள் அறையில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். நீங்கள் ஒருநாளும் அவர்கள் போன கணக்கைச் சொன்னதில்லை. சூப் பானையைச் சிறிதாக்கிவிட்டீர்கள், அதைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

மணி கோர்க்கிற அந்தப் பிள்ளை நினைவிருக்கும். தூர வடக்கிலிருந்து வந்தவள். யாரோடும் பேசமாட்டாள். சோபாவின் மூலையில் இருந்து குனிந்தபடி கோர்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பில் விரிவுரையாளர் ஒருவர், பூர்வகுடிகள் சார்பில் நீ சொல் என்று அவளை எழுப்பி விட்டாராம். அதற்குப் பிறகு வகுப்புக்கே போகவில்லை. நீங்கள் தினமும் அவளை அந்த வகுப்பு வாசல்வரை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் விட்டீர்கள், பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல. அவள் போய் உட்காரும்வரை கதவுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றீர்கள்.

பெரிய வீடொன்று கட்டித் தரப்போகிறோம் என்று பல்கலைக்கழகம் சொல்லிக்கொண்டே இருந்தது. வட்டமான அறை, மரச் சுவர், ஜன்னல். ஒவ்வொரு கூட்டத்திலும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "புகைக்க வழியிருக்கவேணும்." தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். படம் கீறி வந்த நாளில் வரைபடத்தை உங்கள் சுவரில் ஒட்டினீர்கள். அது மஞ்சளாகிச் சுருண்டு விழுந்தது. திரும்ப ஒட்டினீர்கள்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. ஈரலில் தொடங்கி எல்லா இடமும் பரவிவிட்டது என்றார்கள். போன தைமாதம், ஹொஸ்பிற்றலில், இதே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு உங்கள் கட்டிலருகே இருந்தேன். கொண்டுவந்த கஞ்சியில் இரண்டு கரண்டி குடித்தீர்கள். பிறகு தலையணைக்குக் கீழிருந்து சிவப்புத் துணி முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்தீர்கள். நீட்டவில்லை. முதலில் சொல்லிவிட்டுத்தான் நீட்டுவேன் என்றீர்கள்.

"நான் போனாப் பிறகு நாலு நாள் நெருப்பு எரியவேணும். இரவும் பகலும். அந்த வெளிச்சத்திலதான் நான் வழி பாத்துப் போவன். இடையில நூரக் கூடாது. பக்கத்தில ஆராவது இருந்துகொண்டே இருக்கவேணும்."

"எங்க?"

"உங்கதான். எங்கட கட்டடத்துக்குப் பின்னால, அந்தப் புல்வெளியில. எனக்கு வேற ஊர் ஏது?"

அந்தக் கதையை முன்பே சொல்லியிருந்தீர்கள். கைக்குழந்தையாக இருந்த உங்களை அரசாங்கம் தாயிடமிருந்து எடுத்து, விட்பி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டது. நீங்கள் வளர்ந்து தாயின் ஊரைத் தேடிப்போனபோது தாய் இல்லை. உங்களைத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. உங்கள் சனத்தின் அனிஷினாபே மொழியைக்கூட நாற்பது வயதுக்கு மேல் வகுப்புக்குப் போய்த்தான் படித்தீர்கள். ஜன்னலில்லாத அந்த அறைதான் உங்களுக்கு ஊர்.

"ஏலுமெண்டால் எடும், தங்கச்சி. ஏலாதெண்டால் எடுக்காதையும். நான் கோவிக்கமாட்டன்."

அக்கா, பல்கலைக்கழகத்தின் நடைமுறை எல்லாம் எனக்குத் தெரியும். திறந்த நெருப்புக்கு அனுமதி கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று தெரியும். புகையிலையை வாங்கினால் என்ன அர்த்தம் என்றும் இம்முறை தெரியும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருக்க முடியுமா? வாங்கினேன். ரோல்ஸ் கொண்டுவர வேண்டாம் என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னோடு கடைசியாகச் சிரித்தது.

அன்றைக்கே அனுமதி கேட்கத் தொடங்கினேன். சாகாத ஒருவருக்காக எப்படிக் கேட்பது என்றார்கள். நீங்கள் போன பிறகு கேட்டேன். உடனே எப்படித் தருவது என்றார்கள். எல்லோரும் தன்மையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்கள். மனேஜர் உண்மையாகவே கண் கலங்கினார். கலங்கிக்கொண்டே, காலையில் மூட்டலாம், பின்னேரம் ஐந்து மணிக்கு அணைத்துவிட வேண்டும், அடுத்த நாள் காலையில் திரும்ப மூட்டலாம் என்றார். இரவில் நெருப்புக்குக் காப்புறுதி இல்லையாம்.

"அது நூரக் கூடாத நெருப்பு, சேர்," என்றேன்.

"நாங்கள் அந்த வழக்கத்தை மிகவும் மதிக்கிறோம்," என்றார்.

வீட்டில் சொல்லி அழுதேன். என் மகள் இங்கே பிறந்தவள், கோபம் மட்டும் என்னுடையது. "அம்மா, திஸ் இஸ் ஸோ மெஸ்ட் அப். அவங்க டெய்லி அந்த லாண்ட் திங் வாசிக்கிறாங்க தானே?" என்றாள். இரவோடிரவாகப் பல்கலைக்கழகத்துக்கு ஈமெயில் எழுதினாள். பதில் வந்தது. நன்றி, கவனத்தில் எடுத்திருக்கிறோம். என் மனிசன் எங்கள் பின்வளவில் மூட்டலாமா என்று கேட்டார். எங்கள் வளவில் இரண்டு கார்கூட நிற்காது. பக்கத்து வீட்டு மதில் கைக்கெட்டும் தூரம். இடம் இருந்தாலும் நீங்கள் கேட்ட இடம் அதுவல்ல.

வேறு வழியில்லாமல் அந்த அனுமதியோடே பிள்ளைகள் மாசிப் பனியை வழித்து இடம் செய்து மூட்டினார்கள். மணி கோர்க்கிற பிள்ளைதான் முதல் விறகை வைத்தாள். நகரத்தின் மறுகோடியிலிருந்து நெருப்புக் காக்கிறவர் ஒருவர் வந்தார். இரவில் அணைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் எழுந்து நின்றார், பிறகு என்ன நினைத்தாரோ உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்க நல்லாய் எரிந்தது. நானும் மத்தியானம் வந்து, மற்றவர்கள் செய்ததைப் பார்த்து ஒரு சிட்டிகை புகையிலை போட்டேன். பையில் இருந்த உங்கள் முடிச்சிலிருந்து இல்லை, அவர்கள் வைத்திருந்ததிலிருந்து.

ஐந்து மணிக்குச் செக்கியூரிட்டி வந்தார். மன்னார்க்காரர். எனக்கு நல்லாய்த் தெரிந்தவர். ஞாயிறு பூசை தவறவிடாத மனிதர். இரண்டு கையிலும் வாளி.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ," என்றேன்.

"அக்கா, நான் என்ன செய்ய? மேல கமராவில பாத்துக்கொண்டிருக்கினம். எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள்."

வாளியைக் கீழே வைத்துச் சிலுவை அடையாளம் போட்டார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. புகை வெள்ளையாய் எழும்பி ஜன்னல்களை மறைத்தது. எனக்கு வேலைப் பழக்கத்தில் எந்த மாடியில் அலாரம் அடிக்கப்போகிறதோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னை நானே ஏசினேன்.

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தாள். அவள் என்னோடு பேசிய முதற்பேச்சு அதுதான்.

"இப்ப அன்ரி எங்க நிண்டுகொண்டிருப்பா?"

நெருப்புக் காக்கிறவரைப் பார்த்தேன். அவர் ஈர விறகைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒருமுறை நூர்ந்த நெருப்பை அடுத்த நாள் காலையில் யாரும் திரும்ப மூட்டவில்லை. அனுமதி இருந்தது, ஆள் வரவில்லை.

அந்தப் பிள்ளை பங்குனியில் படிப்பை விட்டுவிட்டுப் போனாள். போகும்போது சொல்லவில்லை. சோபாவின் மூலையில் அவளுடைய மணிகள் கொஞ்சம் சிந்திக் கிடந்தன.

புரட்டாதியில் புதிய கட்டடம் திறந்தார்கள். உங்கள் வட்ட அறை வந்துவிட்டது, அக்கா. மரச் சுவர், பெரிய ஜன்னல், தோட்டத்தைப் பார்க்கலாம். வாசலில் உங்கள் படம். நிலம் யாருடையது என்ற அந்த வாசகத்தைச் சுவரிலேயே ஆளுயரத்துக்குச் செதுக்கிவிட்டார்கள், இனி ஒருவரும் எழுந்து நின்று வாசிக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே புகைக்க முடியாது. முழுக் கட்டடத்துக்கும் ஒரே காற்றோட்டமாம், ஒரு அறையின் கருவியை மட்டும் நிறுத்தும் வசதி வைக்கவில்லையாம். அதற்குப் பதிலாக மேசையில் ஒரு போத்தல் இருக்கிறது. அமுக்கினால் சேஜ் வாசத் தண்ணீர் தூவும். அறையில் பெரும்பாலும் ஆட்கள் இல்லை. போன கிழமை அங்கே வரவுசெலவுத் திட்டக் கூட்டம் நடந்தது. உங்கள் பழைய அறையில் உடைந்த கதிரைகளை அடுக்கியிருக்கிறோம். அதன் புகைக் கருவி இன்னும் என் திரையில் பச்சையாக இருக்கிறது.

இன்றைக்குப் புதன்கிழமை. பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தேன். மூன்றாம் மாடியில் குழாய் ஒழுகுகிறதாம்.

மத்தியானம் முடிச்சை எடுத்துக்கொண்டு அந்தப் புல்வெளிக்குப் போனேன். நெருப்பு இருந்த இடம் எதுவென்று எனக்கே பிடிபடவில்லை. புதுப் புல் ஒட்டிவிட்டார்கள். இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று குனிந்தேன். வேற ஒருத்தரிட்டையும் குடுக்கேலாது என்றது உங்கள் குரல். மண்ணும் வேறு ஆள்தானே? நிமிர்ந்துவிட்டேன். நான் ஓம் என்று வாங்கிய காரியம் நடக்கவில்லை. இனி நடக்கவும் வழியில்லை. திருப்பித் தருவதென்றால் உங்கள் கை வேண்டும். அந்தக் கை எந்த இருட்டில், எந்த வழியில் நின்றுவிட்டதோ தெரியாது.

பின்னேரம் மகள் கூட்டிப்போக வந்திருந்தாள். காருக்குள் மூக்கைச் சுருக்கி, என்ன மணம் என்று கேட்டாள். புகையிலை என்றேன்.

"ஆருக்கு, அம்மா?"

"ஒராளிட்டக் குடுக்கவேணும்."

அவள் காரை எடுத்தாள். நான் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.